கத்திரி வெயிலிலும் உருகாத பிறந்தநாள் சீஸ்கேக்: ஓவன் இல்லாமல் செய்யும் முறை

எங்கள் வீட்டில் மகளின் பிறந்தநாள் மே மாதத்தில், கத்திரி வெயிலின் நடுவே வருகிறது. பழைய வண்ணாரப்பேட்டையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள எங்கள் வீட்டில், நான் ஜெலட்டின் சேர்த்துச் செய்த முதல் சீஸ்கேக், மெழுகுவத்தி ஏற்றி வாழ்த்துப் பாடி முடிப்பதற்குள் தட்டின் ஓரத்தில் வழியத் தொடங்கியது. காரணம் எளிது. ஜெலட்டின் ஏறத்தாழ 35 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நம் ஊர் மே மாதப் பிற்பகல் அதைவிடச் சூடானது. அகர் அகர் எனப்படும் கடல்பாசியோ 35 முதல் 40 டிகிரிக்குள் உறைந்து, அதன்பின் 85 டிகிரி வரை சூடேறினால்தான் மீண்டும் உருகும். ஆகவே இந்தச் செய்முறையில் ஜெலட்டினுக்கு இடமில்லை. அது விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவதால், சைவ விருந்தினர் வரும் வீட்டிற்கும் கடல்பாசியே பொருத்தம். நோன்பு மாதத்தில் மண்ணடிப் பக்கம் எல்லாக் கடைகளிலும் தென்படும் அதே பொருள்தான். இதற்கு மட்டும் இழையாக இல்லாமல் தூளாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏழு அங்குல அச்சு ஒன்றுக்கு 150 கிராம் மாரி பிஸ்கட், 75 கிராம் வெண்ணெய், 200 கிராம் கிரீம் சீஸ், அரை கிலோ கெட்டித் தயிர், 200 மில்லி விப்பிங் கிரீம், 80 கிராம் பொடித்த சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, 4 கிராம் கடல்பாசித் தூள் (தலைதட்டிய இரண்டு தேக்கரண்டி), 150 மில்லி பால் ஆகியவை தேவை. முழுவதும் கிரீம் சீஸிலேயே செய்யலாம். ஆனால் செலவு கூடும், சுவையும் திகட்டும் என்பது என் கருத்து. கிரீம் வாங்கும்போது கவனம் வேண்டும். சிறிய பெட்டியில் 25 சதவீதக் கொழுப்புடன் வரும் ஃப்ரெஷ் கிரீமை எவ்வளவு அடித்தாலும் நுரைத்து நிற்காது. கேக் பொருள் கடைகளில் உறைந்த நிலையில் கிடைக்கும், பால் சேராத விப்பிங் கிரீம் வெயிலைத் தாங்கும். அதில் ஏற்கெனவே இனிப்பு இருப்பதால் சர்க்கரையை 50 கிராமாகக் குறைத்துவிடுங்கள்.

முதல் நாள் இரவே தயிரைப் பழைய வெள்ளை வேட்டித் துணியில் கட்டி, வடிகட்டியின் மேல் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்துடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும். சமையலறை ஆணியில் தொங்கவிட்டால் விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் ஏறத்தாழ 200 கிராம் கெட்டியான தயிர் துணியில் தங்கியிருக்கும்.

அடுத்த நாள் பிஸ்கட்டை மிக்ஸியில் மணல் பதத்திற்குப் பொடித்து, உருக்கிய வெண்ணெயைக் கலந்து, அடி கழலும் அச்சில் பரப்பி, தட்டையான அடியுள்ள டம்ளரால் அழுத்துங்கள். ஓரங்களை நன்றாக அழுத்தாவிட்டால் வெட்டும்போது உதிரும். இதை அரை மணி நேரம் குளிரவைத்தால் போதும். அச்சு இல்லையென்றால் கண்ணாடிக் கிண்ணங்களில் தனித்தனியாகச் செய்துகொள்ளலாம்.

புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். கிரீம் சீஸையும் தயிரையும் முன்னதாகவே வெளியில் எடுத்துவைத்து, சர்க்கரை, எலுமிச்சைச் சாறு சேர்த்துக் கட்டியில்லாமல் அடித்து, அந்தப் பாத்திரத்தைச் சுடுநீர் உள்ள அகலமான பாத்திரத்தில் சில நிமிடம் வைத்து வெதுவெதுப்பாக்குங்கள். கலவை குளிர்ந்திருந்தால், கடல்பாசி அதில் பட்டவுடனே நூல்நூலாக உறைந்து, கேக் முழுவதும் நாக்கில் நெருடும். இன்னொரு பாத்திரத்தில் விப்பிங் கிரீமை, கரண்டியைத் தூக்கினால் நுனி மெல்ல வளையும் பதம் வரை மட்டும் அடித்துவையுங்கள். இப்போது ஆறிய பாலில் கடல்பாசித் தூளைக் கரைத்து, கிளறிக்கொண்டே கொதிக்கவைத்து, கொதி வந்தபின் சிறு தீயில் முழுதாக இரண்டு நிமிடம் வைத்திருங்கள். சூடாக்கினால் மட்டும் போதாது, கொதித்தால்தான் அது முழுமையாகக் கரையும். இறக்கியதும் சீஸ் கலவையில் மூன்று கரண்டி எடுத்து முதலில் இந்தப் பாலில் கலந்து, பின்பு அதை மொத்தக் கலவையில் ஊற்றி விரைவாக அடித்து, தாமதிக்காமல் கிரீமையும் மடித்துச் சேர்த்து அச்சில் ஊற்றிவிடுங்கள். இந்த நேரத்தில் தொலைபேசி அடித்தாலும் எடுக்காதீர்கள்.

நான்கு மணி நேரத்தில் உறைந்துவிடும். அதுவரை அச்சை இறுக்கமாக மூடி வைப்பது மிக முக்கியம். காசிமேட்டு மீன் வாராவாரம் வந்திறங்கும் வீடுகளில், முந்தின நாள் மீன் குழம்பு அதே பெட்டியில்தான் இருக்கும். பால் பொருட்கள் அந்த வாசனையை நொடியில் பிடித்துக்கொள்ளும். இடையில் மின்சாரம் போனால், கதவைத் திறக்காமல் இருந்தால் ஒரு மணி நேரம் வரை பாதகமில்லை.

மேலே மாம்பழம் வேண்டுமென்றால், கேக் இரண்டு மணி நேரம் உறைந்தபின், 50 மில்லி நீரில் 1 கிராம் கடல்பாசியைக் கொதிக்கவைத்து, அறை வெப்பத்தில் உள்ள 150 மில்லி பங்கனபள்ளி விழுதில் கலந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே ஊற்றுங்கள். அன்னாசியோ பப்பாளியோ போட்டால் ஜெலட்டின் கேக் நெகிழ்ந்துவிடும். அவற்றிலுள்ள நொதிகள் புரதத்தைச் சிதைப்பவை. கடல்பாசி புரதம் அல்லாததால் அந்தக் கவலையும் இல்லை.

அச்சிலிருந்து எடுக்குமுன் சூடான நீரில் நனைத்துத் துடைத்த கத்தியை ஓரமாகச் சுற்றி ஓட்டுங்கள். ஒவ்வொரு துண்டு வெட்டும் முன்னும் அவ்வாறே செய்யுங்கள். ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ உள்ள உறவினர் வீட்டிற்கு ஷேர் ஆட்டோவில் எடுத்துச்செல்வதானால், புதிய தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் பொட்டலங்களுடன், அச்சைக் கழற்றாமலே கொண்டுசெல்லுங்கள். மீந்ததை மூடிவைத்து மூன்று நாட்களுக்குள் உண்டுவிடலாம். ஃப்ரீசரில் மட்டும் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் கடல்பாசி நீர்விட்டு, அடியிலுள்ள பிஸ்கட் ஊறிப்போகும்.