மலேசியாவில் எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுகலை) படிக்கப் போகிறீர்களா? விண்ணப்பிக்கும் முன்

எந்தப் பல்கலைக்கழகம் என்று தேடுவதற்கு முன், உங்கள் இளங்கலைப் பட்டம் எது என்பதைப் பாருங்கள். எம்.பி.எச். எந்தக் கதவைத் திறக்கும் என்பது அதைப் பொறுத்ததுதான். எம்.பி.பி.எஸ். முடித்தவருக்கு அது பொதுச் சுகாதார நிபுணராகும் பாதையின் முதல் ஆண்டு. அடுத்து மூன்றாண்டு டி.ஆர்.பி.எச். (பொதுச் சுகாதார முனைவர் பட்டம்) படிக்க வேண்டும். தாதியர், மருந்தாளர், உணவியலாளர் அதே எம்.பி.எச்.ஐ முடித்தாலும் மருத்துவ நிபுணர் பதிவு கிடைக்காது. அவர்களுக்கான வேலை திட்டமிடல், கணக்கெடுப்பு, ஆராய்ச்சிப் பக்கம் இருக்கிறது. அதுவும் நல்ல வேலைதான், தெரிந்தே சேருங்கள்.

கோலாலம்பூரில் மலாயா பல்கலைக்கழகம், செராஸில் யு.கே.எம். (மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம்) மருத்துவப் புலம், புக்கிட் ஜாலிலில் தனியார் பல்கலைக்கழகமான ஐ.எம்.யு. எல்லாம் எட்டும் தூரம். பினாங்குக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: யு.எஸ்.எம். (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) தலைமை வளாகம் குளுகோரில் இருந்தாலும், அதன் மருத்துவப் புலம் கிளந்தானின் குபாங் கிரியானில் உள்ளது. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்று நினைத்து விண்ணப்பிக்காதீர்கள்.

பொதுவான நுழைவுத் தகுதி, இளங்கலையில் சி.ஜி.பி.ஏ. (மொத்தத் தரப்புள்ளி சராசரி) 2.50. அதற்குக் கீழே, 2.00க்கு மேல் இருந்தால், துறையில் 5 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். தனியார் கல்லூரி என்றால் எம்.கியூ.ஏ. (படிப்புகளை அங்கீகரிக்கும் மலேசியத் தகுதி முகவை) பதிவேட்டில் படிப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். முழு அங்கீகாரம் பெற்றவைதான் அதில் இருக்கும். தற்காலிக அங்கீகாரம் தனிப் பட்டியல்.

வேலை செய்துகொண்டே படிப்பவருக்குப் பாடவழி முதுகலையே ஏற்றது. ஆய்வுவழி என்றால், மேற்பார்வையாளர் ஒருவர் சம்மதித்த பிறகு விண்ணப்பியுங்கள். பணத்துக்கு இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம்; முதுகலைக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 7,000 ரிங்கிட் வரை வரி விலக்கும் உண்டு, ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பலரும் சறுக்குவது ஆய்வேட்டில்தான், அதுவும் எத்தனை பேரிடம் கேட்க வேண்டும் என்ற கணக்கில். கோலாலம்பூர் அடுக்குமாடி வீடுகளில் நம்மவரிடையே இனிப்பு நீர் (நீரிழிவு) எத்தனை பேருக்கு இருக்கிறது என்று ஆராய்வதாக வையுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு இருந்தது. 95 விழுக்காடு நம்பகம், 5 விழுக்காடு பிழை என்று கணக்கிட்டால் 331 பேர் தேவை. 20 விழுக்காட்டினர் பதில் தரமாட்டார்கள் என்று எடுத்தால், 331ஐ 0.8ஆல் வகுத்து 414 பேரை அணுக வேண்டும். 331இல் 20 விழுக்காட்டைக் கூட்டி 398 என்று எழுதுவது வழக்கமான தவறு. 398 பேரில் 20 விழுக்காடு போனால் மிஞ்சுவது 318தான். வீடு வீடாக இல்லாமல் பிளாக் பிளாக்காகத் தேர்ந்தெடுத்தால் இன்னும் அதிகம் பேர் வேண்டும்.

கிளினிக் கெசிஹாத்தான் (அரசு சுகாதார மருந்தகம்) நோயாளிகளிடம் கேட்பதென்றால் என்.எம்.ஆர்.ஆரில் (தேசிய மருத்துவ ஆராய்ச்சிப் பதிவேடு) பதிந்து, நெறிக்குழுவின் அனுமதி வந்த பிறகே தொடங்க முடியும். அனுமதிக்குப் பிறகு ஒரு கேள்வியை மாற்றினாலும் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே தமிழ்க் கேள்வித்தாளை அனுப்பும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். "நீரிழிவு" என்றால் விழிக்கும் பாட்டி, "இனிப்பு நீர்" என்றதும் எந்த மாத்திரை, எத்தனை வேளை என்று சொல்லிவிடுவார்.