மாடியில் முதல் வெண்டைக்காய்: ஆடிப்பட்டத்துக்கு ஒரு செய்முறை

புதிதாகத் தோட்டம் போட நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, இந்தப் பட்டத்துக்கு வெண்டை மட்டும் போடுங்கள் என்பதைத்தான். தக்காளிக்கு நாற்று விட வேண்டும், பாகலுக்குப் பந்தல் வேண்டும், புடலைக்கு ஆண்பூ பெண்பூ பார்த்து நாமே மகரந்தம் தொட்டு வைக்க வேண்டியும் வரலாம். வெண்டைக்கு இவை எதுவும் வேண்டாம். விதையை நேரே பையில் ஊன்றலாம். ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருப்பதால் தானாகவே காய் பிடித்துவிடும். 45 நாளில் கையில் காய் இருக்கும். நான்கு பேர் சாப்பிடும் வீட்டுக்குப் பத்துச் செடி போதும்.

இடமும் பையும்

ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாவது நேர்வெயில் விழும் இடமாகப் பாருங்கள். நிழலில் வெண்டை உயரமாக வளருமே தவிர காய்க்காது. 12 அங்குல உயரமும் அகலமும் உள்ள பையில் ஒரு செடி வைக்கலாம். அரிசிச் சாக்கைப் பாதியாக மடித்தும் பயன்படுத்தலாம். அடியிலும் பக்கத்திலும் நான்கைந்து துளை இருப்பது அவசியம். பையைத் தளத்தில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் வையுங்கள். தண்ணீர் வடிந்து ஓடும், தளத்தில் ஈரம் தங்காது. கைப்பிடிச் சுவரையொட்டி வரிசையாக வைப்பது கட்டடத்துக்கும் நல்லது.

மண் கலவை

முழு உழைப்பையும் இங்கேதான் போட வேண்டும். வெறும் செம்மண்ணைப் பையில் நிரப்பினால் பத்தே நாளில் இறுகிக் கல்லாகிவிடும். செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குப் பொடியும் சேருங்கள்.

நார்க்கழிவு கட்டியாகத்தான் கிடைக்கும். அதை ஊறவைத்து உதிர்த்தால் மட்டும் போதாது, அலசவும் வேண்டும். முதல் ஆண்டு நான் கடையில் கேட்டபோது, "இது கழுவியதுதான், அப்படியே போடலாம்" என்றார்கள். நம்பிப் போட்டேன். முளைத்த கன்றுகளின் இலை ஓரமெல்லாம் தீய்ந்தது போலப் பழுப்பாகிச் சுருண்டது. நார்க்கழிவில் தங்கியிருந்த உப்புதான் காரணம். இப்போது பெரிய டப்பில் ஊறவைத்து, பழைய சேலைத் துணியில் அள்ளிப் பிழிகிறேன். முதல் தண்ணீர் வரக்காப்பி நிறத்தில் இறங்கும். மூன்றாவது தண்ணீர் வெளிறி வரும்போது நிறுத்திவிடுவேன்.

எல்லாவற்றையும் கலந்து, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற அளவுக்கு ஈரமாக்கி, பத்து நாள் நிழலில் மூடி வையுங்கள். புண்ணாக்கு மக்கும்போது சூடு கிளம்பும். அது தணிந்த பிறகே விதை போட வேண்டும். பையை வாய் வரை நிரப்பாமல் மேலே இரண்டு அங்குலம் விடுங்கள்.

விதைப்பு

நாட்டு வெண்டை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அர்கா அனாமிகா வாங்கலாம். மஞ்சள் தேமல் நோயைத் தாங்குவதற்காகவே உருவாக்கப்பட்ட ரகம் அது. விதையை முந்தைய நாள் இரவு தண்ணீரில் ஊறவையுங்கள். பைக்கு மூன்று விதை, ஓர் அங்குலத்துக்கும் குறைவான ஆழம். மண்ணை மூடிப் பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள். நாலைந்து நாளில் முளை தலைகாட்டும். மூன்று இலை வந்ததும் திடமான கன்று ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கத்தரிக்கோலால் அடியில் நறுக்கிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும்.

தண்ணீர்

மாடித் தோட்டத்தில் செடி சாவதற்குப் பெரும்பாலும் அன்பு மிகுந்து ஊற்றும் தண்ணீரே காரணம். ஆள்காட்டி விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். விரலில் ஈரம் ஒட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். மதிய வெயிலில் இலை தொங்குவதைப் பார்த்துப் பதறிப்போய் ஊற்றாதீர்கள். சாயங்காலம் தானே நிமிர்ந்துவிட்டால் செடிக்கு ஒரு குறையும் இல்லை.

20 நாளுக்குப் பிறகு, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு கைப்பிடி மண்புழு உரம் போட்டு மேல்மண்ணைக் கிளறிவிடுங்கள். இடையில் ஒருமுறை பஞ்சகவ்யம், லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். ஆடிக்காற்றுக்குச் செடி சாயும் என்பதால் முழங்கால் உயரம் வந்ததும் ஒரு குச்சி நட்டுத் தளர்வாகக் கட்டுங்கள்.

பூச்சியும் நோயும்

தினமும் காலையில் இரண்டு இலையையாவது திருப்பிப் பாருங்கள். எறும்பு ஏறி இறங்கினால் அசுவினியோ மாவுப் பூச்சியோ வந்திருக்கும். வேப்பெண்ணெய் 5 மில்லியைச் சில சொட்டு சோப்புக் கரைசலோடு முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து, வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள்.

மஞ்சள் நரம்புத் தேமல் நோய்க்கு மட்டும் மருந்து இல்லை. இலை நரம்புகள் வலை போல மஞ்சளாகும், நடுவில் பச்சை இருக்கும். பிறகு முழு இலையும் காயும் வெளிறிப்போகும். வெள்ளை ஈ பரப்பும் வைரஸ் இது. கண்ட அன்றே அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். பூ வைத்த செடியைப் பிடுங்க மனம் வராதுதான். ஆனால் அதைக் காப்பாற்றப் பார்த்து மற்ற ஒன்பதையும் இழந்துவிடக் கூடாது. மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடி உயரத்தில் தொங்கவிட்டால் வெள்ளை ஈ ஒட்டிக்கொள்ளும்.

பறிப்பு

சுமார் 40 நாளில் பூக்கும். வெளிர்மஞ்சள் இதழ், நடுவில் அரக்குச் சிவப்பு. காலையில் விரிந்த பூ சாயங்காலமே சுருங்கிவிடும் என்பதால், காலை எட்டு மணிக்குள் மாடிக்குப் போய்ப் பாருங்கள். பூத்த ஆறாவது நாள் காய் விரல் நீளத்துக்கு வந்திருக்கும், அதுதான் பதம். கடையில் நுனியை ஒடித்துப் பார்ப்பது போலச் செடியில் ஒடிக்க வேண்டாம். காம்போடு கத்தரிக்கோலால் நறுக்குங்கள். காயிலும் இலையிலும் உள்ள சுணை கையை அரிக்கும், முழுக்கை சட்டை போட்டுக்கொள்வது நல்லது. ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆக வேண்டும். ஒரு காய் முற்ற விட்டால் செடியின் சத்தெல்லாம் அதன் விதைக்குப் போய், புதிய பூ குறைந்துவிடும்.

நாட்டு ரகமாக இருந்தால், கடைசி மாதத்தில் நல்ல செடி ஒன்றில் இரண்டு காயை மட்டும் விட்டுவையுங்கள். பழுப்பேறிக் காய்ந்து வரியோரம் வெடிக்கத் தொடங்கும்போது எடுத்து, விதையைச் சாம்பலில் புரட்டி மூடியுள்ள பாட்டிலில் போடுங்கள்.

நூறு நாளைத் தாண்டிச் செடி ஓய்ந்ததும் வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேரில் முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் நூற்புழு இருக்கிறது. அந்த மண்ணை மறுபடி காய்கறிக்குப் பயன்படுத்தாதீர்கள். வேர் சுத்தமாக இருந்தால் மண்ணைத் தளத்தில் பரப்பி மூன்று நாள் வெயிலில் காயவிட்டு, கால் பங்கு புது உரம் கலந்து கொத்தவரை விதைக்கலாம்.