அழைப்பிதழில் கிரேட் வைப்ஸ் எழுத்துரு: எழுத்துகளின் இணைப்பு உடையாமல் அச்சகத்துக்கு அனுப்புவது எப்படி?

தங்கையின் வரவேற்பு அழைப்பிதழுக்காக உட்கார்ந்து கற்றுக்கொண்டது இது. மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில், கையால் எழுதியதுபோல் வளைந்தோட வேண்டும் என்றாள். ராபர்ட் லூஷ்கே வடிவமைத்த கிரேட் வைப்ஸைத் தேர்ந்தெடுத்தேன். கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். திறந்த உரிமம் என்பதால் அச்சிலும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வேர்டில் செய்யாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருள் போதும், அதுவும் இலவசம்தான்.

1. ஃபான்ட்டை நிறுவி, பெயரை அடியுங்கள். முதல் எழுத்து மட்டும் கேப்பிட்டல். எல்லாமே கேப்பிட்டல் என்றால் வளையங்கள் ஒன்றோடொன்று சிக்கி, பெயரையே வாசிக்க முடியாது.

2. எழுத்து இடைவெளி பூஜ்யத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு எழுத்தின் வாலும் அடுத்ததன் மேல் ஏறி உட்காரும்படி வரைந்திருக்கிறார்கள். இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினாலும் இணைப்பு அறுந்துவிடும். ஈய அச்சுக் காலத்தில் இப்படிச் சேர்ப்பது பெரும்பாடு. ஒளி அச்சுக்கோப்பு (எழுத்தை ஒளியால் ஃபிலிமில் பதிக்கும் முறை) வந்த பிறகுதான் இது எளிதானது. 1965இல் மேத்யூ கார்ட்டர், ஆங்கிலேய எழுத்தாசான் சார்லஸ் ஸ்னெல்லின் கையெழுத்தைப் பின்பற்றி உருவாக்கிய ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட் அந்தக் காலத்தது. எனக்கு மிகவும் பிடித்த எழுத்துரு.

3. "கர்வ்ஸ் பண்ணி அனுப்புங்க" என்பார்கள் அச்சகத்தில். எழுத்தை ஃபான்ட் தேவைப்படாத வெறும் கோட்டு வடிவமாக, அதாவது பாத்தாக, மாற்றச் சொல்கிறார்கள். நான் மாட்டிக்கொண்டது இங்கேதான். பெயரைப் பாத்தாக மாற்றி, மெனுவில் கம்பைன் கட்டளை கொடுத்து அனுப்பினேன். என் திரையில் எந்தக் குறையும் தெரியவில்லை. ப்ரூஃப் (மாதிரி அச்சு) வந்தபோது, எழுத்தும் எழுத்தும் சேரும் ஒவ்வோர் இடத்திலும் எள்ளளவு வெள்ளை ஓட்டை! இரண்டு வடிவங்கள் ஒன்றின்மேல் ஒன்று விழும் பகுதியைச் சில மென்பொருள்கள் துளையாக எடுத்துக்கொள்ளும். கம்பைன் அவற்றை ஒரே பாத்தாக்குமே தவிர, உருக்கி ஒட்டாது. ஒட்டுவது யூனியன் என்ற கட்டளை.

எனவே வரிசை இதுதான்: முதலில் மூலக்கோப்பைத் தனியாகச் சேமியுங்கள், பாத்தாக மாற்றிய பிறகு எழுத்துப்பிழை திருத்த முடியாது. பாத்தாக மாற்ற கன்ட்ரோல்+ஷிஃப்ட்+சி, அடுத்து எழுத்துகளைத் தனித்தனியாகப் பிரிக்க அன்குரூப், எல்லாவற்றையும் தேர்வு செய்து யூனியனுக்கு கன்ட்ரோல்+பிளஸ். கன்ட்ரோலோடு நம்பர் பேடில் உள்ள 5ஐ அழுத்தி வெளிக்கோட்டை மட்டும் பாருங்கள். இணைப்புகளுக்குள் குறுக்குக் கோடு இல்லையென்றால் பிடிஎஃப் எடுக்கலாம்.

பின்சேர்க்கை: தமிழில் அடித்தால் வேறு எழுத்து வருகிறதே என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். கிரேட் வைப்ஸில் தமிழ் எழுத்துகள் இல்லை; கணினி வேறொரு ஃபான்ட்டை எடுத்துப் போடுகிறது. தமிழ் வரிக்குத் தனி எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுங்கள்.

தங்க ஃபாயில் போடுகிறீர்களா? மயிரிழைக் கோடுகளை மெல்லிய ஸ்ட்ரோக் (விளிம்புக் கோடு) கொடுத்துச் சற்றுத் தடிக்க வையுங்கள். எவ்வளவு என்பதை அச்சகத்திலேயே கேளுங்கள், காகிதத்துக்குக் காகிதம் மாறும். தேதி, மண்டபம், தொலைபேசி எண்ணுக்கெல்லாம் இந்த எழுத்து வேண்டாம்.