ரேஸுக்குப் பத்து நாள் இருக்கும்போது புது ஷூ

போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, ஏற்காடு அடிவாரத்தில் ஓடத் தயாராகிக்கொண்டிருந்தோம். எங்களோடு ஓடும் தம்பி ஒருவன் பளிச்சென்ற புது ஷூவில் வந்து நின்றான். வரும் ஞாயிறு அவனுக்குச் சென்னையில் முழு மாரத்தான், வாழ்க்கையில் முதல் முறை. “பழசு தேய்ஞ்சுபோச்சுங்கண்ணா. வியாழக்கிழமைதான் வாங்கினேன். அதே மாடல்தான், எட்டு கிலோமீட்டர் ஓடிப் பார்த்துட்டேன், சூப்பரா இருக்கு” என்றான். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இதே வார்த்தைகளை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்.

ரேஸ் அன்று காலை பெட்டியைப் பிரித்துப் புது ஷூ மாட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். நான் எழுத வந்தது, அது தெரிந்தவர்களும் செய்யும் தவறுகளைப் பற்றி.

அடி ரப்பரை மட்டும் பார்ப்பது

ஷூவைத் திருப்பிப் பார்த்து, ‘அடியில் இன்னும் ரப்பர் கட்டை தேயாமல் இருக்கிறது, ஓடலாம்’ என்று முடிவுக்கு வருகிறார்கள். முதலில் சாவது ரப்பர் இல்லை, அதற்கு மேலே இருக்கும் மிட்சோல் நுரை. பொதுவாக 500 முதல் 800 கிலோமீட்டருக்குள் அது தளர்ந்துவிடும். உடல் எடை கூடியவர்களுக்கு இன்னும் சீக்கிரம். ஷூவை மேஜைமேல் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தாலோ, நுரையின் பக்கவாட்டில் சுருக்கம் விழுந்து அப்படியே நின்றுவிட்டாலோ அதன் காலம் முடிந்தது. வழக்கமான தூரத்துக்கே முழங்காலோ கெண்டைக்காலோ புதிதாக வலிக்கிறது என்றால், அதுவும் ஒரு தகவல்தான்.

பயிற்சி குறையும் வாரங்களில் வாங்குவது

என்னை இன்றுவரை எரிச்சல்படுத்தும் தவறு இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணக்கைப் பாருங்கள். 16 வாரப் பயிற்சி, வாரத்துக்குச் சராசரி 45 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 720 கிலோமீட்டர். பயிற்சி தொடங்கிய அன்று ஆசையாக வாங்கிய ஷூ, ரேஸ் நெருங்கும் நேரம் பார்த்துத்தான் உயிரை விடும். அது விபத்து இல்லை, முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். ஆனால் நாம் எப்போது கவனிக்கிறோம்? 30, 32 கிலோமீட்டர் ஓட்டமெல்லாம் முடிந்து, கால் ஓய்வெடுக்கும் கடைசி மூன்று வாரத்தில். அப்போதுதான் நேரம் கிடைக்கிறது, கடைக்குப் போகிறோம். புது ஷூவில் ஐந்து, எட்டு, அதிகம் போனால் 15 கிலோமீட்டர். நன்றாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

எட்டு கிலோமீட்டரில் எந்த ஷூவும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று மணி நேரம் ஓடிய பாதம் வேறு பாதம். வீங்கியிருக்கும். சாக்ஸ் வியர்வையில் ஊறியிருக்கும். களைப்பில் கால் வைக்கும் விதமே மாறியிருக்கும். அந்தப் பாதத்தைப் புது ஷூ ரேஸில்தான் முதல்முறையாகச் சந்திக்கிறது.

இப்படிக் கடைசி நேரத்தில் வாங்கிய ஷூவில் நான் ஓடிய மாரத்தானில், எனக்கு 27-ஆவது கிலோமீட்டரில் வலது சுண்டுவிரல் ஓரம் சூடாகத் தொடங்கியது. 31-இல் அது எரிச்சல். 33-க்கு மேல் ஓட முடியவில்லை, மீதி ஒன்பது கிலோமீட்டரும் நடைதான். முடித்துவிட்டு நடைபாதையில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றினால், அது தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நான்கு மாதம் நான்கு மணிக்கு எழுந்த உழைப்பு, ஒரு கொப்புளத்தில் போயிற்று. கட்டைவிரல் நகமும் கறுத்து விழுந்தது; முழுசாக வளர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது.

நானும் அதே மாடல், அதே சைஸ்தான் வாங்கியிருந்தேன். வீட்டுக்கு வந்து பழைய ஷூ, புது ஷூ இரண்டின் இன்சோலையும் (உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் மெத்தை) உருவி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் பக்கம் புதியது ஒரு தீக்குச்சி அகலம் குறைவு. பெயர் அதே, பின்னால் இருந்த எண் மட்டும் ஒன்று கூடியிருந்தது. ஒவ்வொரு புது பதிப்பிலும் ஷூவின் வடிவத்தைத் தீர்மானிக்கும் அச்சு, நுரை, குதிகால் உயரம் எது வேண்டுமானாலும் மாறலாம். கடையிலேயே இன்சோலை உருவி ஒப்பிட்டிருந்தால் இரண்டு நிமிட வேலை.

சரி, எப்போது வாங்குவது? ரேஸுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்னால். முதலில் சின்ன ஓட்டங்கள், பழையதும் புதியதும் மாற்றி மாற்றி. மூன்று வாரம் முன்பு வரும் கடைசி நீண்ட ஓட்டத்தை முழுக்கப் புது ஷூவில், ரேஸுக்குப் போடப்போகும் அதே சாக்ஸோடு ஓடுங்கள். அதில் உறுத்தினால்கூட வேறு வழி பார்க்க நாள் இருக்கும்.

அந்த நாளைத் தவறவிட்டாயிற்றா? பழைய ஷூவிலேயே ஓடுங்கள். கிழிந்தோ சாய்ந்தோ போகாத வரை, அது இன்னும் 42 கிலோமீட்டர் தாங்கும். மறுநாள் கால் கூடுதலாக வலிக்கலாம், ஆனால் அந்த ஷூ உங்கள் பாதத்தை அறியும்.

ஏற்றத்தில் மட்டும் சோதிப்பது

இது சேலத்துக்காரர்களுக்கே உரிய தவறு. ஏற்காடு மலைப்பாதையில் மேலே ஓடிவிட்டு, பஸ்ஸிலோ நண்பனின் பைக்கிலோ இறங்கிவிடுகிறோம். ஏறும்போது விரல் ஷூவின் முனையைத் தொடவே தொடாது. இறங்கும்போதுதான் பாதம் முன்னால் சறுக்கி நகம் இடிக்கும். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது, அதில் இரண்டு மூன்று வளைவு இறங்கினாலே முன்னால் இடம் போதுமா என்று தெரிந்துவிடும். லேஸ் கட்டும் மேல் ஓட்டைக்குப் பக்கத்தில் பலர் பயன்படுத்தாமல் விடும் இன்னொரு ஓட்டை உண்டு. இரண்டு பக்கமும் அதில் லேஸை வளையமாக விட்டு, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் கோத்து இறுக்கினால் குதிகால் பின்னால் நிற்கும். ஆனால் ரேஸ் நெருங்கிய பிறகு இறக்கத்தில் ஓடாதீர்கள், தொடை பிடித்துக்கொள்ளும்.

காலையில் கடைக்குப் போவது

மாலையில், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போங்கள், ஓடும் சாக்ஸோடு.

ரேஸுக்கென்று கார்பன் பிளேட் ஷூ

நுரைக்குள் விறைப்பான கார்பன் தகடு வைத்து, வேகத்துக்காகச் செய்த ஷூ அது. பயிற்சியில் போடாதது என்றால் வேண்டவே வேண்டாம்.

வெயிலில் காயவைப்பது

சேலத்துச் சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தால் பசை விட்டுப்போகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் வையுங்கள்.

பழையதை உடனே கொடுத்துவிடுவது

பதக்கம் கழுத்துக்கு வரும்வரை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

அந்தத் தம்பி கொடுத்துவிட்டான். ஓமலூரில் இருக்கும் சித்தப்பா மகன், கிரிக்கெட் விளையாட வேண்டும் என்று வாங்கிப் போயிருக்கிறான். “திருப்பிக் கேட்டா நல்லாவா இருக்கும்ணா?” என்று தயங்கினான். புதுசைக் கொடுத்துவிட்டாவது பழையதை வாங்கி வா என்றேன். அன்று மதியமே பஸ் ஏறிவிட்டான். இரவு படம் அனுப்பினான்: செம்மண் அப்பிய பழைய ஜோடி, கழுவி, உள்ளே செய்தித்தாள் திணித்து, ஜன்னலோரம் நிழலில்.