கரண்ட் போயிட்டு போயிட்டு வர்ற ஊர்ல டாஸ்மோட்டா, ஈஎஸ்பிஹோம் டிவைஸை ஹோம் அசிஸ்டன்ட்ல சேக்குறது எப்படி

டாஸ்மோட்டா (வைஃபை ஸ்விட்ச்சுக்குள்ள ஓடற சாஃப்ட்வேர், ஈஎஸ்பிஹோமும் அந்த வகைதான்) போட்ட ஸ்விட்ச்சை ஹோம் அசிஸ்டன்ட்ல (வீட்டு டிவைஸ் எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து இயக்கற சாஃப்ட்வேர்) சேக்குறது பத்து நிமிஷ வேலை, அதுக்கு வீடியோ நிறைய கிடக்கு. ஆனா செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கம் இருக்கவங்களுக்கு அந்த வீடியோல இல்லாத ஒண்ணும் வேணும். ஜூன்ல ஆரியங்காவு கணவாய் வழியா காத்தும் சாரலும் இறங்க ஆரம்பிச்சா கரண்ட் ஒரேயடியா போறதில்ல, நாலு செகண்ட் இருக்கும், போவும், திரும்ப வரும், உடனே போவும், ஃபேன் சுத்தி முடிக்கறதுக்குள்ள மறுபடி வரும். அந்த நேரத்துல உங்க மோட்டர் ஸ்விட்ச் என்ன பண்ணும்ங்கறதுதான் உண்மையான கேள்வி. கனெக்ட் பண்றதையும் சொல்றேன், ஆனா பாதி இடம் இந்தக் கேள்விக்குத்தான்.

மொதல்ல ஹப், அதாவது ஹோம் அசிஸ்டன்ட் ஓடற கம்ப்யூட்டர். ராஸ்பெர்ரி பை 4ங்கற சின்ன கம்ப்யூட்டர் இருந்தா போதும், ஆனா எஸ்டி கார்டுல ஓட்டாதீங்க, எழுதிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சுன்னா கார்டு கெட்டுப்போக நல்ல வாய்ப்பு இருக்கு, ஒரு சின்ன எஸ்எஸ்டி வாங்கி யூஎஸ்பில மாட்டிருங்க. என்னைக் கேட்டா பேட்டரி ஓரளவு நிக்கிற பழைய 64 பிட் லேப்டாப் இன்னும் நல்லது, யூபிஎஸ் அதுக்குள்ளயே இருக்கு. ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் ஏத்துனா 8123 போர்ட்ல பேஜ் ஓபன் ஆவும். ரவுட்டருக்கு 12 வோல்ட் மினி யூபிஎஸ் கண்டிப்பா மாட்டுங்க. அதுலயே பையையும் ஓட்டிரலாம்னு நெனைக்காதீங்க, பை 4க்கு 5 வோல்ட் 3 ஆம்ப் சப்ளை சொல்லிருக்காங்க, சின்ன யூபிஎஸ்ல நிறைய அதைத் தராது. ரவுட்டர்ல போயி ஹப்புக்கு ஐபி ரிசர்வ் பண்ணி வச்சிருங்க, இல்லன்னா ஒருநாள் ஐபி மாறி எல்லா டிவைஸும் ஹப்பைத் தேடிட்டு நிக்கும்.

அடுத்து எம்க்யூடிடி, டிவைஸும் ஹப்பும் மெசேஜ் மாத்திக்கற முறை. 1999ல பாலைவனத்துல போற எண்ணெய் பைப்லைனை சாட்டிலைட் வழியா கண்காணிக்க ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் சேந்து உருவாக்குன முறை இது, லைன் அடிக்கடி அறுந்து போற இடத்துக்குன்னே செஞ்சது, அதனாலதான் நம்ம ஊருக்கும் நல்லா பொருந்துது. நடுவுல ஒரு ப்ரோக்கர் இருக்கும், போஸ்ட் ஆபீஸ் மாதிரி, டிவைஸ் அங்க கொண்டு போயி போடும், ஹப் அங்க இருந்து எடுத்துக்கும். ஹோம் அசிஸ்டன்ட்ல மொஸ்கிட்டோ ப்ரோக்கர் ஆட்-ஆன் இன்ஸ்டால் பண்ணி ஸ்டார்ட் குடுங்க, அதுக்குன்னு தனியா ஒரு யூசர் உருவாக்குங்க, ஹோம்அசிஸ்டன்ட், ஆட்ஆன்ஸ் இந்த ரெண்டு பேரும் உள்ளுக்குள்ள ஏற்கனவே எடுத்து வச்சிருக்கு, அதை விட்டு வேற பேர் வைங்க. அப்புறம் எம்க்யூடிடி இன்டகிரேஷனை ஆன் பண்ணிட்டா ஹப் பக்கம் வேலை முடிஞ்சது.

டிவைஸ் வாங்கும்போது உள்ள என்ன சிப் இருக்குன்னு பாருங்க. ஈஎஸ்பி8266, ஈஎஸ்பி32 இருந்தா டாஸ்மோட்டாவோ ஈஎஸ்பிஹோமோ ஏத்தலாம். இப்ப விலை கம்மியா வர்ற வைஃபை பிளக் நிறையத்துல பிகே7231 சிப் இருக்கு, அதுல டாஸ்மோட்டா ஏறாது, ஓப்பன்பீக்கன்ங்கற வேற சாஃப்ட்வேர் போடணும், இல்ல லிப்ரடைனி வழியா ஈஎஸ்பிஹோம் போடணும். மேல அட்டைப்பெட்டி ஒண்ணு போலவே இருக்கும், உள்ள மாறிருக்கும்.

ஃபிளாஷ் பண்றப்ப, அதாவது சிப்ல சாஃப்ட்வேர் ஏத்துறப்ப, ஒரு விஷயத்துல மட்டும் விட்டுக்குடுக்கவே கூடாது: போர்டுல சீரியல் வயர் மாட்டிருக்கற நேரம் 230 வோல்ட் லைன் அதுல இருக்கவே கூடாது, பிளக்கை உருவி மேஜை மேல வச்சிட்டுத்தான் மூடியைத் திறக்கணும். போர்டை கம்ப்யூட்டரோட சேக்குற யூஎஸ்பி சீரியல் அடாப்டர்ல 3.3 வோல்ட் செலக்ட் பண்ணுங்க, 5 வோல்ட் குடுத்தா சிப் போயிரும். அடாப்டரோட டிஎக்ஸ் (அனுப்பற பின்) போர்டோட ஆர்எக்ஸ்ல (வாங்கற பின்) போவும், ஆர்எக்ஸ் டிஎக்ஸ்ல போவும், ஜிபிஐஓ0ங்கற பின்னை கிரவுண்டோட சேத்துப் பிடிச்சுக்கிட்டு பவர் குடுத்தாதான் ஃபிளாஷ் மோடுக்கு வரும். குரோம் பிரவுசர்லயே டாஸ்மோட்டா வெப் இன்ஸ்டாலர் இருக்கு, அது வழியா ஏத்துறது ரொம்ப ஈஸி.

ஏத்துனதும் டிவைஸ் தானே ஒரு வைஃபை விடும், பேர் டாஸ்மோட்டான்னு ஆரம்பிக்கும். போனை அதுல சேத்து 192.168.4.1 போனா உங்க வீட்டு வைஃபை கேக்கும். ஈஎஸ்பி8266க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், ரவுட்டர்ல ரெண்டு பேண்டும் ஒரே பேர்ல இருந்து சேர மாட்டேங்குதுன்னா 2.4க்குத் தனிப் பேர் வைங்க. அப்புறம் கான்ஃபிகரேஷன்ல எம்க்யூடிடி பேஜுக்குப் போயி ஹோஸ்ட்ல ஹப்போட ஐபி, போர்ட் 1883, நீங்க உருவாக்குன யூசர், பாஸ்வேர்டு. டாபிக் ஒவ்வொரு டிவைஸுக்கும் வேற வேற இருக்கணும், மாடி_மோட்டர், வாசல்_லைட் மாதிரி ஆங்கில எழுத்துல, நடுவுல ஸ்பேஸ் விடாம. சேவ் குடுத்து கன்சோலை (டாஸ்மோட்டா பேஜ்ல கமாண்ட் அடிக்கற இடம்) திறந்தீங்கன்னா எம்க்யூடிடி கனெக்டட்னு ஒரு வரி ஓடும், ஹோம் அசிஸ்டன்ட்ல டாஸ்மோட்டா இன்டகிரேஷன் தானா மேல வந்து நிக்கும், அதை ஒத்துக்கிட்டா ஸ்விட்ச் வந்துரும். வரலன்னா கன்சோல்ல செட்ஆப்ஷன்19 0 (SetOption19 0) அடிச்சுப் பாருங்க.

பெரும்பாலும் இதோட நிறுத்திர்றாங்க. ஆனா நம்ம ஊர்ல இங்கதான் வேலை ஆரம்பிக்குது.

பிரானூர் பக்கம் ஒரு அண்ணாச்சி, வீட்டு மோட்டருக்கு ஸ்விட்ச் மாட்டிருந்தாரு. ராத்திரி மோட்டர் ஓடிட்டு இருக்கும்போது கரண்ட் போச்சு, தூங்கிட்டாரு, விடிகாலைல கரண்ட் வந்ததும் மோட்டர் தானா ஓட ஆரம்பிச்சிருச்சு, எந்திரிச்சுப் பாக்கும்போது மாடில இருந்து தண்ணி வாசல் வரைக்கும் ஓடிட்டு இருந்துச்சு. "ஏம்பா தம்பி, நான் தொடவே இல்லியே, இது எப்படி ஓடும்?"னு கேட்டாரு. டாஸ்மோட்டா சொன்னபடிதான் நடந்திருக்கு: கரண்ட் திரும்ப வந்தா கடைசியா எப்படி இருந்துச்சோ அப்படியே வர்றதுதான் அதோட வழக்கம். லைட்டுக்கு அது சரி, மோட்டருக்கு ஆபத்து. அதனால மோட்டர் ஸ்விட்ச்ல கன்சோலைத் திறந்து பவர்ஆன்ஸ்டேட் 0 (PowerOnState 0) அடிங்க, கரண்ட் எப்ப வந்தாலும் ஆஃப்லதான் வரும்.

அடுத்தது பல்ஸ்டைம் 1900 (PulseTime 1900), ஆன் ஆனா எவ்வளவு நேரத்துல தானா ஆஃப் ஆகணும்னு சொல்ற கமாண்ட். இந்தக் கணக்கு கொஞ்சம் வித்தியாசமானது, 111 வரைக்கும் ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு கணக்கு, 112ல இருந்து 100ஐக் கழிச்சு செகண்டா எடுத்துக்கும், அப்ப 1900ன்னா 1800 செகண்ட், அரை மணி நேரம். ஹப் செத்தாலும் வைஃபை போனாலும் அரை மணி நேரத்துல மோட்டர் தானா நின்னுரும், ஏன்னா டைமர் ஸ்விட்ச்சுக்குள்ளயே இருக்கு. உங்க டேங்க் நெறைய எவ்வளவு நேரம் ஆவுதோ அதுக்கு மேல கொஞ்சம் வச்சுக்கோங்க.

மூணாவது, சாரல் சீசனுக்குன்னே சொல்லணும்: செட்ஆப்ஷன்65 1 (SetOption65 1). டாஸ்மோட்டால ஒரு வசதி இருக்கு, பத்து செகண்டுக்குக் கம்மியான இடைவெளில ஆறு தடவை பவர் ஆஃப் ஆகி ஆன் ஆகி ஏழாவது தடவை ஆன்லயே இருந்துச்சுன்னா எல்லா செட்டிங்கையும் அழிச்சிட்டு புதுசு மாதிரி ஆயிரும். பாஸ்வேர்டு மறந்தவங்களுக்கு நல்லது. ஆனா கரண்ட் மினுக் மினுக்குன்னு அடிக்கற ராத்திரி யாரும் தொடாமலே அது நடக்கும், காலைல பாத்தா வைஃபை லிஸ்ட்ல டாஸ்மோட்டான்னு ஒரு பேர் நிக்கும், வீட்டு லைட் எதுவும் ஹப்ல இருக்காது. எல்லா டிவைஸ்லயும் இந்த ஒரு வரியை அடிச்சு வைங்க, அந்த வசதி ஆஃப் ஆயிரும்.

நாலாவது ரீடெய்ன். கமாண்ட் மெசேஜை யாராவது ரீடெய்ன் போட்டு அனுப்பிருந்தா ப்ரோக்கர் அதைப் பத்திரமா வச்சிருக்கும், டிவைஸ் ஒவ்வொரு தடவை திரும்பக் கனெக்ட் ஆகும்போதும் அதைக் குடுக்கும், மோட்டர் பேய் பிடிச்ச மாதிரி ஆன் ஆகும், பவர்ஆன்ஸ்டேட் 0 போட்டிருந்தாலும் ஆகும். ஆட்டோமேஷன்ல கமாண்ட் அனுப்பறப்ப ரீடெய்ன் ஆஃப்ல இருக்கான்னு பாருங்க, ஏற்கனவே மாட்டிக்கிட்டா அதே டாபிக்குக்கு ஒண்ணுமே எழுதாத மெசேஜை ரீடெய்னோட அனுப்புனா அழிஞ்சிரும்.

இதெல்லாம் சரியா போட்டாலும் ஸ்விட்ச்சுக்குள்ள இருக்கற 10 ஆம்ப் ரிலேல மோட்டரை நேரா மாட்டாதீங்க. ஒரு ஹெச்பி மோட்டர் 746 வாட்தான், ஆனா ஸ்டார்ட் ஆகும்போது அஞ்சாறு மடங்கு ஆம்ப் இழுக்கும், ரிலே முனை ஒட்டிக்கிச்சுன்னா எந்த செட்டிங்கும் அதை நிறுத்தாது. ரிலே காண்டாக்டரோட (பெரிய லோடைத் தாங்கற ஸ்விட்ச்) காயிலை மட்டும் இயக்கட்டும், காண்டாக்டர் மோட்டரை இயக்கட்டும். இதை எலக்ட்ரீசியனை வச்சே செய்ங்க.

மேல்தொட்டி லெவலுக்கு நான் ஈஎஸ்பிஹோம்தான் சொல்லுவேன். ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டிங்கற, ஒலி அனுப்பி தூரம் அளக்கற வாட்டர்ப்ரூஃப் சென்சாரை டேங்க் மூடில கீழ பாத்து மாட்டுங்க. 25 சென்டிமீட்டர் வரைக்கும் அதுக்குக் கண்ணு தெரியாது, அதனால டேங்க் நெறைஞ்சாலும் சென்சாருக்கும் தண்ணிக்கும் நடுவுல 30 இருக்கற மாதிரி உயர்த்தி வைங்க. 5 வோல்ட்ல ஓட்டுனா சென்சார் பதில் அனுப்பற எக்கோ வயர்லயும் 5 வோல்ட் வரும், 1கே, 2கே ரெசிஸ்டர் ரெண்டை வச்சு 3.3க்கு இறக்கித்தான் போர்டுக்குக் குடுக்கணும். கணக்கு சிம்பிள்: சென்சார்ல இருந்து டேங்க் தரை வரைக்கும் 140 சென்டிமீட்டர், நெறைஞ்சா 30ன்னா, 140ல இருந்து வர்ற அளவைக் கழிச்சு 110ஆல வகுத்து நூறால பெருக்குனா சதவீதம். தண்ணி விழும்போது அலை அடிச்சு அளவு தாவும், மீடியன் ஃபில்டர் (சில அளவை எடுத்து நடு அளவை மட்டும் வச்சுக்கறது) போட்டா அடங்கிரும். போர்டு பெட்டிக்கு ஓட்டை கீழ்ப்பக்கம்தான், வயர் கொஞ்சம் தொங்கி மேல ஏறி உள்ள போகணும், இல்லன்னா சாரல் தண்ணி வயரைப் பிடிச்சுக்கிட்டு உள்ளயே வந்துரும்.

ஈஎஸ்பிஹோம் எம்க்யூடிடி இல்லாமலே ஹப்போட நேரா பேசும், ஹோம் அசிஸ்டன்ட்ல தானா தெரியும், என்கிரிப்ஷன் கீ மட்டும் கேக்கும். ஆனா ஒண்ணு, 15 நிமிஷம் ஹப் கிடைக்கலன்னா போர்டு தன்னையே ரீபூட் பண்ணிக்கும். வெறும் சென்சார்னா பரவால்ல, ரிலே இருக்கற போர்டுன்னா ஈஎஸ்பிஹோம் செட்டிங் ஃபைல்ல ஏபிஐ பகுதில ரீபூட் டைம்அவுட்டை 0 ஆக்கிருங்க.

ஆட்டோமேஷன் எழுதும்போது 25 சதவீதத்துக்குக் கீழ ஆன், 95க்கு மேல ஆஃப்னு எழுதறதோட விட்டுராதீங்க, டேங்க் சென்சார் அன்அவைலபிள் ஆனாலும் அன்நோன் ஆனாலும் மோட்டரை ஆஃப் பண்ணுன்னு இன்னொண்ணு எழுதுங்க, அதுதான் மொட்டைமாடியக் காப்பாத்தும். இத்தனை மணிக்குன்னு ஓடற வேலையை டாஸ்மோட்டா டைமர்ல வைக்காதீங்க, ஹப்ல வைங்க, அதுக்குள்ள கடிகாரம் கிடையாது, இன்டர்நெட்ல இருந்துதான் மணி கேட்டுக்கும், நெட் வராத நேரம் மணி தெரியாம நிக்கும். ஹப்பா இருக்கற பை 4லயும் கடிகார பேட்டரி இல்ல, லேப்டாப்ல இருக்கு.

டெம்பரேச்சர், ஈரப்பதத்துக்கு பிஎம்இ280ங்கற சென்சார் வாங்குங்க, அதுக்கு மேல யோசிக்க ஒண்ணுமில்ல. தென்னந்தோப்புக்கு மண் ஈரம் பாக்கறதுன்னா கெபாசிட்டிவ் வகைதான், ரெண்டு கம்பி வெளிய தெரியற வகை சீக்கிரம் அரிச்சுப்போயிரும்.

எல்லாம் மாட்டுன பிறகு ஒரு பகல் நேரத்துல சோதிச்சுப் பாருங்க. மோட்டரை ஆன் பண்ணி ஓடவிட்டு மெயின் ஸ்விட்ச்சை இறக்குங்க, ஏத்துங்க, சாரல் நேரத்து கரண்ட் மாதிரியே ஏழெட்டு தடவை பண்ணுங்க, மோட்டர் ஆஃப்லயே வருதா, டிவைஸ் பேர் ஹப்ல அப்படியே இருக்கான்னு பாருங்க. அடுத்து ஹப்பை மட்டும் பிளக்கைப் பிடுங்கிட்டு மோட்டரை பட்டன்ல ஆன் பண்ணி அரை மணில நிக்குதான்னு பாருங்க. அப்புறம் ஒவ்வொரு டாஸ்மோட்டாலயும் பேக்கப் கான்ஃபிகரேஷன் குடுத்து ஃபைலை போன்லயும் ஒரு காப்பி வச்சிருங்க.

கொல்லத்துலயோ திருவனந்தபுரத்துலயோ வேலைல இருந்துக்கிட்டு ஊர் மோட்டரைப் பாக்கணும்னா ரவுட்டர்ல போர்ட் திறந்து விடாதீங்க, 1883ஐ திறக்கவே கூடாது, அதுல போற பாஸ்வேர்டு அப்படியே படிக்கற மாதிரி போவும். டெயில்ஸ்கேல்ங்கற விபிஎன் ஆப்பை ஹப்லயும் போன்லயும் போட்டா போதும், ரவுட்டருக்கு வெளி ஐபி இல்லாத கனெக்ஷன்லயும் அது வேலை செய்யும்.