உள்ளே விடும் துணி: நீண்டு உழைக்கும் ஆடையை வடிவமைக்க

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ஆடை வடிவமைப்பைத் தொழிலாக எடுத்துக்கொள்ள விரும்பி வரும் நம் பிள்ளைகளிடம், படம் வரையத் தொடங்குமுன் ஆறு மாதமாவது பழைய ஆடைகளைப் பிரித்துத் தைக்கச் சொல்கிறேன். ஆடைகள் பெரும்பாலும் அக்குளிலும் தொடைச் சந்திலும் பையின் மேல்மூலையிலும் காலர் மடிப்பிலும்தான் முதலில் கெடுகின்றன. அங்கே நைந்தது துணியா, விட்டது தையலா என்று பார்க்கப் பழகியவருக்குப் பாதித் தொழில் கைவந்துவிடும்.

அடுத்தது துணி. கிழக்கு கேப் மாநிலத்தின் ஸ்வெலிட்ஷாவில், டா காமா ஆலையில் 1982இல் அச்சாகத் தொடங்கிய ஷ்வேஷ்வே என்னும் பருத்தித் துணியைக் கடையில் தொட்டால் அட்டைபோல் விறைப்பாக இருக்கும். அதற்குமுன் அது ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த காலத்தில், ஈரம் தாக்காமல் இருக்கப் போட்ட கஞ்சி இன்றும் அதன் அடையாளமாக நிலைத்துவிட்டது. நான் தொழில் தொடங்கிய புதிதில் துவைக்காத ஷ்வேஷ்வேயில் ஒரு பெண்ணுக்கு நீளப் பாவாடை தைத்துக் கொடுத்தேன். முதல் துவைப்பிலேயே கணுக்காலைத் தொட்ட விளிம்பு மேலேறி, வெள்ளைப் பட்டியில் நீலம் இறங்கிவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது.

அன்று முதல் எந்தத் துணியானாலும் 30 செ.மீ. சதுரம் வெட்டி, பாவு நூல் (நீளவாட்டு இழை) ஓடும் திசையைக் குறித்து, அதை அணிபவர் வீட்டில் எப்படித் துவைப்பாரோ அப்படியே துவைத்து உலர்த்தி, இஸ்திரி போட்டு அளக்கிறேன். 3 மி.மீ. குறைந்திருந்தால் ஒரு சதவீதச் சுருக்கம் என்று கணக்கு. பெரும்பாலும் நீளவாட்டில் சுருக்கம் கூடுதலாக இருக்கும் என்பதால் இரு பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். நனைந்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்தால் சாயம் போகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

நூல் துணியைவிடச் சற்று வலுக் குறைந்ததாக இருக்கட்டும். இழுபடும்போது தையல் அறுந்தால் மறுபடி தைக்கலாம்; துணி கிழிந்தால் ஒட்டுத்தான் போட வேண்டும்.

நான் மிகுதியாக வலியுறுத்துவது தையலுக்கு அப்பால் உள்ளே விடும் துணியைப் பற்றித்தான். நம் அம்மாக்களின் ரவிக்கையைப் புறம்திருப்பிப் பாருங்கள்: பக்கத் தையலில் இரண்டு விரல் அகலத்துக்குத் துணி மடிந்திருக்கும், அதில் இரண்டு மூன்று வரிசை தையல் ஓடியிருக்கும். உடம்பு பெருத்தால் உடலை ஒட்டிய வரிசையைப் பிரித்துவிட்டால் போதும், அடுத்த வரிசை தாங்கிக்கொள்ளும். ஆயத்த ஆடையிலோ ஒரு செ.மீ. அளவே விட்டு, விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் தையல் அடித்து முடித்துவிடுகிறார்கள். டர்பன் ஆலைகளில் உழைத்த நம் பெண்களின் கைநேர்த்தியை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த அளவு ஆலையின் சிக்கனத்துக்காக வகுக்கப்பட்டதே தவிர, அணிபவரின் ஆயுளுக்காக அன்று.

ஆகவே பக்கவாட்டில் 3 செ.மீ., காற்சட்டையின் பின்புற இடுப்பில் 4 செ.மீ., குழந்தை உடையின் கீழ் விளிம்பில் 7 செ.மீ. என்று நான் விடுகிறேன். அக்குள் வளைவில் மட்டும் கூடுதலாக விடக் கூடாது, வளைவு இழுத்துக்கொள்ளும். அங்கே ஒரு சிறு சதுரத் துண்டை வைத்துத் தைத்தால் கையைத் தூக்கும்போது தையலுக்குச் சுமை குறையும். டர்பன் கடற்காற்றில் ஈரம் எளிதில் காயாது என்பதால், லைனிங்கின் கீழ் விளிம்பை மேல்துணியோடு சேர்த்துத் தைக்காமல் தொங்கவிடுவதும் நல்லது.

இவற்றால் துணி சற்றே கூடுதலாகும், விலையும் ஏறும். அதை அளவெடுக்கும்போதே சொல்லிவிடுவது நேர்மை. ஆடையைக் கொடுக்கும் நாளில் மிச்சத் துணியில் ஒரு கையளவும், அதே நூலும், இரண்டு பொத்தானும் ஒரு சிறு பையில் வைத்துக் கொடுங்கள். ஆடையைப் புறம்திருப்பி, பின்னாளில் எந்த வரிசையை முதலில் பிரிக்க வேண்டும் என்பதை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.