ஹிக்ஸ் உற்பத்தியில் புது இயற்பியல்: கால்குலேட்டரோடு ஒரு தொடக்கம்

"ஹிக்ஸ் துகளுக்குப் பிறகு புதுத் துகள் எதுவும் மாட்டலையே சார், அப்புறம் எதை வச்சுப் புது இயற்பியலைத் தேடறாங்க?" தருமபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் ஒரு மாணவர் கேட்டார். எஃபெக்டிவ் ஃபீல்டு தியரியை வைத்துத்தான்; அதாவது, எட்டாத கனத்த துகளின் விளைவை மட்டும் சமன்பாட்டில் சேர்க்கும் முறை. போட்டுப் பார்க்கலாம், வாருங்கள்.

படி 1. ஃபெர்மியிடமிருந்து தொடங்குங்கள். 1930களில் அவர் பீட்டா சிதைவை, நான்கு துகள்கள் ஒரே புள்ளியில் சந்திப்பதாக எழுதினார். அந்தச் சிதைவை உண்மையில் நடத்தும் டபிள்யூ போசான், செர்ன் ஆய்வகத்தில் அகப்பட்டது 1983இல்தான். ஆனாலும் கணக்கு பலித்தது. டபிள்யூவின் நிறை சுமார் 80 ஜிஇவி (துகள்களின் நிறையையும் ஆற்றலையும் அளக்கும் அலகு). பீட்டா சிதைவின் ஆற்றல் அதன் பக்கத்தில்கூட வராது. அதனால் அந்தக் கனத்த துகள் வெறும் மாறிலியாகச் சுருங்கி நின்றது.

படி 2. தெரிந்த துகள்களை விவரிக்கும் ஸ்டாண்டர்டு மாடலை அப்படியே வைத்து, அதே துகள்களாலேயே ஆன ஆறு பரிமாண (இடத்தின் பரிமாணமல்ல, ஆற்றலின் அடுக்கு ஆறு) உறுப்புகளைக் கூட்டுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கெழு. வகுப்பது லாம்டாவின் வர்க்கம். லாம்டா என்பது புது இயற்பியலின் ஆற்றல் அளவு. குவார்க், லெப்டான்களின் ஒரு தலைமுறைக்கே 59 உறுப்புகள் உண்டு. மிரளாதீர்கள், நமக்கு இரண்டு போதும்: டாப் குவார்க்கோடு ஹிக்ஸின் பிணைப்பை மாற்றுவது ஒன்று, ஹிக்ஸை நேராகக் குளுவான்களோடு (குவார்க்குகளை ஒட்டவைக்கும் துகள்கள்) கோப்பது இன்னொன்று.

படி 3. ஹிக்ஸ் புலத்தின் வெற்றிட மதிப்பான 246 ஜிஇவியை லாம்டாவால் வகுத்து வர்க்கம் எடுங்கள். லாம்டா 1,000 ஜிஇவி என்றால் 6 சதவீதம். 2,000 என்றால் 1.5தான். ஸ்டாண்டர்டு மாடலிலிருந்து விலகல் ஏறத்தாழ இந்த அளவில்தான் இருக்கும்.

படி 4. சுவாரசியமே இங்கேதான். செர்னின் புரோட்டான் மோதுகருவியான எல்.ஹெச்.சி.யில் பெரும்பாலான ஹிக்ஸ்கள் இரு குளுவான்களின் இணைவில், இடையில் கணநேரம் தோன்றி மறையும் டாப் குவார்க் வளையம் வழியாகப் பிறக்கின்றன. ஹிக்ஸ் 125 ஜிஇவி, டாப் 173. ஆகவே வளையமும் புள்ளிபோலவே தெரியும். உற்பத்தி வீதம், டாப் வளையம், நேரடிக் குளுவான் பிணைப்பு என்ற இரு பங்குகளின் கூட்டலுடைய வர்க்கம். அவற்றுக்கு முறையே 1, 0 போட்டாலும் 0.8, 0.2 போட்டாலும் விடை ஒன்றே! நெடுஞ்சாலையிலிருந்து பார்த்தால் கிருஷ்ணகிரிக் கோட்டை மலை ஒரே பாறையாகத் தெரிவதுபோல. படிகளைப் பார்க்க நெருங்கித்தான் ஆகவேண்டும்.

படி 5. நெருங்குவது எப்படி? ஒரு ஜெட்டுக்கு (துகள்களின் குவிந்த பீச்சு) எதிர்த்திசையில், 400, 500 ஜிஇவி குறுக்கு உந்தத்தோடு (மோதும் கற்றைக்குக் குறுக்கான உந்தம்) பாயும் ஹிக்ஸைப் பாருங்கள். அங்கே வளையத்தின் பங்கு வேகமாகச் சரியும், புள்ளிப் பிணைப்பு அவ்வளவு சரியாது. அதனால் 1, 0 ஜோடியைவிட 0.8, 0.2 ஜோடி அதிக நிகழ்வுகளைத் தரும். டாப் இணையோடு ஹிக்ஸ் பிறக்கும் வழியும் உண்டு; 2018இல் உறுதியான அது, டாப் பங்கைத் தனியாகவே சொல்கிறது. இந்த இரு வழித் தரவையும் சேர்த்துப் பொருத்துவதே என் விருப்பம்; ஏனென்றால் அதிக உந்த வால்பகுதியில் நிகழ்வுகள் சொற்பம்.

படி 6. உந்தம் லாம்டாவை எட்டும் இடத்தில் இந்தத் தொடர்விரிவு செல்லாது. அந்தத் தரவைப் பொருத்தத்தில் சேர்க்காதீர்கள்.